தூக்கணாங்குருவி மறைத்த சேதி

வாய்க்கால் ஓரத்து ஈச்ச மரத்தில் மஞ்சணன் என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டிக்கொண்டிருந்தான். முடிப்பதற்குள் ஒரு சில்லைக்குருவி உள்ளே புகுந்து, ஆளில்லாத கூடு இனித் தன்னுடையது என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டான்.

மஞ்சணனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இரண்டு நாளில் ஒரு பெண்குருவி வீடு பார்க்க வருகிறாள். அவர்கள் குலத்தில் பெண்தான் வந்து கூட்டைப் பார்ப்பாள், பிடித்தால்தான் கல்யாணம். கூடு போனால் கல்யாணமும் போச்சு!

ஓடினான் வக்கீல் மைனா அம்மாளிடம். அவர் கேட்ட முதல் கேள்வியே, கூட்டைவிட்டு எங்கேயாவது போயிருந்தாயா என்பதுதான். மஞ்சணன் நெஞ்சை நிமிர்த்தி, நொடிகூட நகரவில்லை என்றான். பொய். முன்பு வந்த ஒருத்தி, கூடு காற்றில் ஆடுகிறது, வேண்டாம் என்று போய்விட்டாள். கூட்டுக்குக் கனம் சேர்க்க, நாலு நாளாகத் தாமரைக் குளத்துக்குப் பறந்து பறந்து களிமண் கொண்டுவந்து உள்ளே அப்பியிருந்தான். அதை எப்படி வெளியே சொல்வான்? மானம் போய்விடுமே!

"எல்லாம் நீங்க பாத்துக்குங்க அம்மா" என்று சொல்லிவிட்டு, விசாரணை நாளில் தினைக் கொல்லைக்கு மேயப் போனான்.

அங்கே எருமை நடுவர் முன்னால், என் கட்சிக்காரர் அசையவே இல்லை என்று மைனா முழங்கினார். நாலு நாளும் பகலில் பெரும்பாலும் கூடு காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன் என்றான் சில்லை. அணில்கூடத் தலையாட்டியது. நாளைக் காலை மஞ்சணன் நேரில் வராவிட்டால் கூடு சில்லைக்குத்தான் என்று நடுவர் சொல்லிவிட்டார்.

மைனா கொல்லைக்கே பறந்து வந்தார். "ஏண்டா, உன் வாயில் வந்ததைத்தானே நான் பேச முடியும்? எனக்கே பொய் சொன்னால் நான் யாருக்காக வாதாடுவது?"

மஞ்சணனுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினான். மைனா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வேலை நடக்கிற கூடு கட்டுகிறவனுக்கே சொந்தம் என்பதுதான் காட்டுச் சட்டம்!

மறுநாள் விடிந்ததும் மஞ்சணன் முதல் ஆளாக வந்து நின்றான், அலகில் குளத்துக் களிமண்ணோடு. அதை நடுவர் முன் வைத்துவிட்டு, எல்லோரும் கேட்க, "என் கூடு ஆடுகிறதென்று ஒருத்தி போய்விட்டாள். அதனால்தான் மண் சுமந்தேன்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவனுக்குக் காதுவரை சுட்டது.

நடுவர் சில்லையையே உள்ளே பார்க்கச் சொன்னார். சில்லை சுவரைத் தடவிப் பார்த்தான். அதே மண், இன்னும் ஈரம் காயவில்லை. "நான் ஒட்டினதில்லைங்க" என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தான்.

கூட்டத்தில் சிரித்தவர்களில் வீடு பார்க்க வந்த பெண்ணும் இருந்தாள். கூட்டுக்குள் போய் நன்றாகக் குதித்துப் பார்த்தாள். ஆடவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள்.

நம் வழக்கைப் பேச வக்கீல் இருக்கலாம். அவரிடம் உண்மையை மறைக்காமல் சொல்வதும், கூப்பிட்ட நாளில் வந்து நிற்பதும் நம் வேலைதான்.