மீன்கொத்தி ஒட்டிய இறக்கை

முன்பு ஒரு மேசைமேல் இரண்டு விமானங்கள் இருந்தன. ஆள் ஏறுகிற விமானம் இல்லை. தெர்மாகோலை வெட்டி, மோட்டார் பொருத்தி, ஜெபராணி என்கிற பெண் தன் கையால் செய்தவை. மூத்தது கருநீலம். இளையது வெள்ளை.

அன்று காலை வரை கருநீலத்துக்கு ஒரு குறையும் இல்லை. உப்பளத்துப் பொட்டலில் முதலில் மேலே ஏறுவது அதுதான்.

அன்றுதான் ஜெபராணி ஒரு மீன்கொத்தியை வரைந்து, வீட்டு பிரிண்டரில் இரண்டு படம் எடுத்தாள். தாள்மேல் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும் படம். தட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் தாளை விட்டு வழுக்கி வரும். ஒன்றை வெள்ளையின் இடது இறக்கையில் ஒட்டினாள். நீல முதுகு, வெள்ளை மார்பு, சிவந்த அலகு. உயிரோடு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கருநீலத்துக்கு வயிறு எரிந்தது.

"என்னல, மாப்பிள்ளைக் கோலமா?"

"நான் கேக்கலண்ணே. அவங்களா ஒட்டினாங்க" என்றது வெள்ளை. "கொஞ்சம் கூசுது."

கூசுகிறதாம். அந்தப் பணிவுதான் இன்னும் எரித்தது. விழுந்து மூக்கு உடைந்தது யாருக்கு? பனைமரத்தில் மாட்டித் தொங்கியது யார்? படம் மட்டும் நேற்று வந்தவனுக்கு.

இரண்டாவது படம் தட்டில் ஊறிக்கொண்டிருந்தது. ஜெபராணி டீ போடப் போயிருந்தாள். கருநீலத்தின் இறக்கை நுனி தட்டை ஒட்டிக் கிடந்தது. அது குரலைத் தாழ்த்தியது.

"ஏ மீன்கொத்தி, உன்னை எங்க ஒட்டுவா தெரியுமா? வெள்ளையோட வலது இறக்கையில. அலமாரியில வச்சா சுவரைப் பாத்த பக்கம்."

"அப்போ முதல்ல போனவன்?"

"அவன் ஊரே பாக்குற பக்கம். நீ பல்லிக்குக் காட்டிக்கிட்டு இரு."

படத்துக்கு முகம் சுருங்கியது. இரண்டு படங்களும் ஒரே மையில் பிறந்தவை.

"என்கிட்ட வா" என்றது கருநீலம். "இங்க நீ ஒருத்தன்தான்."

தட்டுத் தண்ணீருக்குப் பொறுக்கவில்லை. "அவசரப்படாத. அந்த பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது. உன் மார்பு வெறும் இடம். மத்த நிறமும் கண்ணாடி மாதிரிதான். அடியில வெள்ளை இருந்தாத்தான் நீ மீன்கொத்தி."

"நிறமே இல்லாதது நிறத்தைப் பத்திப் பேசுது பாரு" என்று கருநீலம் சிரித்தது. படமும் கூடச் சேர்ந்து சிரித்தது.

மின்விசிறிக் காற்றில் தட்டு தளும்பியது. படம் தாளை விட்டு நழுவி, கருநீலத்தின் இறக்கையில் ஏறிப் படுத்தது. அப்படியே காய்ந்தும் போனது.

"எப்படிடா இருக்கேன்?"

வெள்ளை உற்று உற்றுப் பார்த்தது. "படம் எங்கண்ணே?"

"பொறாமையில கண்ணு தெரியல உனக்கு" என்றது கருநீலம்.

ஜெபராணி வந்தாள். பின்னாலேயே டீயோடு அவள் கணவர் தேவசகாயம். தட்டில் வெறும் தாள் மிதந்தது. இருவரும் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள்.

"போனாப் போவுது விடுட்டி. ஆமா, நீலத்துக்கு ஏன் ஒண்ணும் ஒட்டல?"

"அதுக்கு எதுக்குங்க? இந்த வெள்ளை இருக்கே, மேகத்துக்கு நேரா பறந்தா எந்தப் பக்கம் திரும்புதுன்னே தெரியல. அதான் அடையாளத்துக்குப் படம். நீலம் எங்க பறந்தாலும் எனக்குத் தெரியும். என் கண்ணு முதல்ல அதைத்தான் தேடும்."

கருநீலம் கேட்டது. இத்தனை காலமும் கேட்க ஏங்கிய சொல்.

"அதென்ன, நத்தை ஊர்ந்த மாதிரி?" தேவசகாயம் இறக்கையை வெளிச்சத்தில் சாய்த்தார்.

"ஏதோ பசை கொட்டியிருக்கு." ஜெபராணி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. பிளேடை எடுத்தாள். படம் துணுக்குத் துணுக்காக உதிர்ந்தது. கூடவே நீலச் சாயமும் உரிந்து வந்தது. அடியில் தெர்மாகோல் பளீரென்று தெரிந்தது, சரியாக ஒரு மீன்கொத்தி அளவுக்கு.

மேசைமேல் கிடந்த படத் துணுக்கு ஒன்று கருநீலத்தை அண்ணாந்து பார்த்தது.

"இவ்வளவு வெள்ளை உன்கிட்டயும் இருந்துச்சா?" என்றது.