குவோ அடக்கிய மூச்சு

“மூச்சை அடக்க எப்போது சொல்லித்தருவீர்கள்?” என்று கேட்டார் குவோ.

“அடக்கவா? எதற்கு?” என்றார் ஷென் ரூ.

குவோ அதை நம்பவில்லை.

யாரையும் எளிதில் நம்பும் பழக்கம் அவருக்கு இல்லை. சீனத்தின் தெற்கே ஓர் ஆற்றங்கரை ஊரில், சந்தையின் எடைக்கற்களைச் சோதிப்பது அவர் வேலை. கல்லைக் கையில் வாங்கும் முன்பே வியாபாரியின் முகத்தைப் பார்த்துவிடுவார்.

ஷென் ரூ அவரைவிட வயதில் இளைய பெண். தேயிலை உலர்த்திய பழைய கொட்டகை ஒன்றில், புதிதாக வருகிறவர்களுக்குச் சீகுங் பழக்கினார். மூச்சும் அசைவும் சேர்ந்த பயிற்சி அது.

“தோள் அகலத்துக்குக் காலை வைத்து நில்லுங்கள். முட்டியை இறுக்க வேண்டாம். ஒரு கை அடிவயிற்றின்மேல் இருக்கட்டும். மூக்கு வழியே மூச்சு வரும்போது வயிறு கையைத் தள்ளும். மூச்சு போகும்போது கையும் உள்ளே போகும். போகிற மூச்சுக்கு அவசரம் வேண்டாம். தலை சுற்றினால் உட்கார்ந்துவிடுங்கள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“மற்றவர்களுக்கும் இதேதானா?”

“கேட்டுப் பாருங்களேன்.”

கேட்டார்.

“இதேதான் ஐயா. இப்போதெல்லாம் படியேறினால் எனக்கு இளைப்பதில்லை” என்றாள் சாயப்பட்டறையில் வேலை செய்யும் பெண்.

“எனக்கும் இதேதான்” என்றான் படகோட்டி.

இருவரும் பேசிவைத்துக்கொண்டு சொல்வதாகப் பட்டது குவோவுக்கு.

அவர் பழக வரவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தார்.

அவருடைய தம்பி ஜுன் அக்கரையில் வேறொரு ஆசானிடம் சேர்ந்திருந்தான். அந்த ஆசானும் முதலில் மென்மையாகத்தான் தொடங்கினார். பிறகு, ஊதுபத்தியின் சாம்பல் உதிரும்வரை அடக்கு என்றார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். ஜுனுக்குச் சிறுவயதிலிருந்தே இதயம் பலவீனம். அவன் சாய்ந்து விழுந்தபோது, “உடம்பைக் கடந்துவிட்டான். யாரும் தொடாதீர்கள்” என்றாராம் ஆசான்.

குவோ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆசானும் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஆள் கிடைக்கவில்லை. இவள் கிடைத்தாள். “அடக்கு” என்ற சொல் இவள் வாயிலிருந்து வரட்டும், அன்றைக்கே ஊர் நீதிபதியைக் கூட்டிவந்துவிடலாம் என்று காத்திருந்தார் குவோ.

இலையுதிர்காலம் போயிற்று. அந்தச் சொல் வரவில்லை.

ஒருநாள் ஷென் ரூ படகோட்டியைத் தனியே அழைத்து ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். குவோ அவனை வழியில் மடக்கினார்.

“என்ன சொன்னாள்? உண்மையைச் சொல்.”

“செருப்பு கிழிந்திருக்கிறது, தைத்துக்கொள் என்றார்” என்றான் அவன்.

குவோ அவன் செருப்பைப் பார்த்தார். கிழிந்துதான் இருந்தது. அதற்காக நம்பிவிட முடியுமா?

“ஐயா, உங்கள் வயிறு மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது” என்றார் ஷென் ரூ ஒருமுறை.

“அது என் வயிறு” என்றார் குவோ.

கடுங்குளிர் வந்தது. ஒரு காலையில் குவோவின் பொறுமை தீர்ந்துபோயிற்று.

இவள் சொல்லப்போவதில்லை. நாமே அடக்கிக்கொண்டு விழுவோம். எல்லோரும் பார்க்கட்டும். அதன்பிறகு இந்தக் கொட்டகைக்கு யார் வருவார்கள்?

நெஞ்சு நிறைய இழுத்தார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற சாயப்பட்டறைப் பெண் கை காட்டினாள். “அம்மா, இவரைப் பாருங்கள்!”

ஷென் ரூ வந்தார். குவோவின் முகத்தைப் பார்த்தார். தடுக்கவில்லை, கெஞ்சவில்லை.

எதிரே நின்று தானும் ஒரு மூச்சு இழுத்தார். வாயை மூடிக்கொண்டார்.

நாடகம் என்று நினைத்தார் குவோ. திருட்டுத்தனமாக மூக்கு வழியே விடுவாள், பிடித்துவிடலாம்.

ஷென் ரூவின் மூக்கையே பார்த்தார். மார்பைப் பார்த்தார்.

அந்தக் குளிரில் சுற்றி நின்றவர்களின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஷென் ரூவின் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

இவளும் விடவில்லை.

குவோவின் காது அடைத்தது. ஷென் ரூவின் கண்கள் அவரைவிட்டு அகலவில்லை. கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை.

ஷென் ரூவின் உதடுகள் மெல்ல நிறம் மாறின.

பலகையில் கிடத்தியிருந்த ஜுனின் உதடுகள் அந்த நிறத்தில்தான் இருந்தன.

“விடுடா!” என்று கத்தினார் குவோ. “போதும்டா! மூச்சை விடுடா!”

நெஞ்சில் தேக்கியிருந்ததெல்லாம் அந்தக் கத்தலோடு வெளியே போயிற்று.

ஷென் ரூ குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். இருமினார். அவர் வாயிலிருந்து ஆவி திட்டுத்திட்டாக வந்தது. படகோட்டி ஓடிவந்து தோளைத் தாங்கினான். அவர் கையசைத்து அவனை விலக்கினார்.

பேச முடிந்ததும் நிமிர்ந்தார்.

“யாரிடம் சொன்னீர்கள், ஐயா?”

குவோ தரையில் உட்கார்ந்தார்.

“என் தம்பியிடம்” என்றார்.