மடிப்புக்கு விட்ட நீளம்

குன்னூர் பஜாரில் ஒரு மாடிக் கடை. வெளியே ‘ஜாக்கெட் தைக்கப்படும்’ என்று போர்டு தொங்கியது. வாரத்துக்கு ஒரு பெண்ணாவது ரவிக்கைத் துணியோடு படியேறி வந்து, மேஜைமேல் விரிந்து கிடக்கும் மாட்டுத்தோலைப் பார்த்துத் திகைத்து நிற்பாள்.

“போர்டுல தோல்னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன மாஸ்டர்?” என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

“படியேறி வந்ததுக்கு ஒரு டீ குடிச்சுட்டுப் போறாங்க. அதைக் கெடுக்கணுமா?” என்றாள் மெகருன்னிசா.

மாஸ்டர் அவள்தான். பேரணாம்பட்டுக்காரி, வயது முப்பத்தாறு. தனிஸ்லாஸுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் பஸ் சீட்டுக்கு உறை தைத்துவிட்டு, இப்போது அவளிடம் தோல் வெட்டக் கற்றுக்கொண்டிருந்தார். அவளை அவர் மாஸ்டர் என்பார். அவரை அவள் அண்ணே என்பாள். வேலை இல்லாத நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நிற்பார்.

ஒரு நாள் குதிரைத்தோல் வந்து இறங்கியது. கறுப்பு. கயிற்றை அவிழ்த்த பிறகும் விரியாமல், தகரம்போல் சுருண்டே நின்றது.

“இதுல பாதியை நான் வாங்கிக்கறேன் மாஸ்டர். ஒரு ஜாக்கெட் நானே வெட்டித் தைக்கணும். அளவு அச்சா இருக்கணும்.”

“யாருக்கு?”

“தம்பிக்கு.”

அவருக்கு ஒரு தம்பி இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

“ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“வரமாட்டான்.”

“வெளியூரா?”

“ரெண்டு தெரு தள்ளி.”

மெகருன்னிசா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

“பேக்கரியில ரொட்டி ஏத்திக்கிட்டு தினம் காலையில கோத்தகிரி போறான். பனிக்காத்து. சட்டைக்குள்ள நியூஸ்பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டு வண்டி ஓட்டறான். போன வாரம் கோயில் வளைவுல பாத்தேன். அவனும் பாத்தான். ஒம்பது வருஷமாப் பேச்சு இல்ல.”

“என்ன சண்டை?”

“சண்டையே இல்ல. அப்பா அடக்கம் நாலு மணின்னு சொல்லியிருந்தேன். அப்ப அவன் கோயம்புத்தூர்ல இருந்தான். வர்ற வழியில பர்லியாறுகிட்ட மரம் விழுந்து பஸ் நின்னுபோச்சு.”

“எப்ப வந்தாரு?”

“நாலரைக்கு. மண்ணு போட்டு முடிச்சிருந்தோம்.”

“வழியில நிக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“போன் வந்தது.”

“அப்புறம்?”

“நாலுன்னா நாலுதானே மாஸ்டர்.”

அவள் சாக்பீஸை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, தம்பி மனைவி கிளாரா புருஷனுக்குத் தெரியாமல் அவனுடைய பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள்.

“அளவு வந்துடுச்சு மாஸ்டர்,” என்றார் தனிஸ்லாஸ்.

“சட்டைதான் வந்திருக்கு,” என்றாள் மெகருன்னிசா.

தனிஸ்லாஸ் சட்டையை விரித்து அளந்தார். தோள் பதினெட்டு. கை இருபத்தைந்து. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. தோலில் கோடு போட்டு முடித்ததும் அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

“முழங்கை மடிப்புக்கு விட்டீங்களா?”

“எதுக்கு? சட்டைக்கை இருபத்தஞ்சு. ஜாக்கெட் கையும் இருபத்தஞ்சு.”

“இது பஸ் சீட்டு இல்லண்ணே. சீட்டு கையை நீட்டாது.”

“அளவுன்னா அளவு மாஸ்டர்.”

தோல் அவருடையது. அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

தைத்து முடிக்க மூன்று வாரம் ஆனது. மேஜைமேல் வைத்தால் ஜாக்கெட் ஆள் இல்லாமலே நிமிர்ந்து உட்கார்ந்தது. தனிஸ்லாஸுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

“இப்படியே குடுத்தா, பலகையைத் தச்சு அனுப்பியிருக்கான்னு சொல்லுவான். தண்ணியில நனைச்சா இளகுமா?”

“போடறவர் போட்டா இளகும்.”

“எண்ணெய் தடவினா?”

“எண்ணெயை வடைக்கு வச்சுக்கங்க.”

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே உடம்புவாகு. அதனால் தனிஸ்லாஸ் அதைத் தானே போட்டுப் பழக்க ஆரம்பித்தார். காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார். முதல் வாரம் டம்ளரை வாய்வரை கொண்டுபோக முடியாமல் டீயை மேலே ஊற்றிக்கொண்டார்.

“என்ன தனிஸ்லாஸ், எருமையை உரிச்சு அப்படியே மாட்டிக்கிட்டியா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“குதிரை.”

“அப்ப கனைச்சுக்கிட்டு வரக்கூடாதா?”

நாற்பது நாளில் தோல் இளகிவிட்டது. முழங்கையில் அழகான மடிப்பு விழுந்து, கறுப்புக்கு அடியிலிருந்து லேசாகப் பழுப்பு எட்டிப் பார்த்தது. துடைத்து மடித்து, கிளாராவிடம் கொடுத்தனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கிளாரா அதே பையோடு நின்றாள்.

“போட்டுப் பாக்கலையா?”

“பாத்தாரு மாமா. எங்க அண்ணன் வாங்கித் தந்ததுன்னுதான் சொன்னேன். வண்டியில உக்காந்து கையை நீட்டினாரு. மணிக்கட்டு வெளியே வந்துடுச்சு. அப்புறம் கழட்டி மாட்டிட்டு என்னமோ ஜாக்கெட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு.”

“என்ன சொன்னான்?”

கிளாரா தயங்கினாள்.

“சொல்லும்மா.”

“‘இது உங்க அண்ணன் குடுத்ததில்ல, எங்க அண்ணன் குடுத்தது. அவனையே போட்டுக்கச் சொல்லு’ன்னாரு.”

திங்கட்கிழமை தனிஸ்லாஸ் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“எப்படி மாஸ்டர் கண்டுபிடிச்சான்? அதுல என் பேரா எழுதியிருக்கு?”

மெகருன்னிசா ஜாக்கெட்டை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினாள். இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் வந்து, மடங்கி, வயிற்றின்மேல் குறுக்காக நின்றன.

“யாருண்ணே இது?”

தனிஸ்லாஸ் பார்த்தார். அப்போதும் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். மெல்லக் கையைப் பிரித்துக் கீழே விட்டார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜாக்கெட்டின் கையைப் பிடித்துப் பார்த்துக் கேட்டார்: “கையை மட்டும் பிரிச்சு நீட்டிடலாமா?”

“துணியா இது? ஊசி போன ஓட்டை அப்படியே நிக்கும். தோலுக்கு மறதி கிடையாது.”

“அப்ப புதுசா வெட்டறேன். கை எவ்வளவு வைக்கட்டும்?”

“என்னை ஏன் கேக்கறீங்க?” டேப்பை எடுத்து நீட்டினாள். “கை வச்சிருக்கிறவர் ரெண்டு தெரு தள்ளி இருக்காரு.”

மறுநாள் காலை ஆறரைக்கு தனிஸ்லாஸ் பேக்கரி வாசலில் நின்றார். தம்பி அருளப்பன் வண்டியின் பின்னால் ரொட்டிப் பெட்டியை வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். முடிச்சை இன்னொரு முறை இறுக்கினான்.

“கை அளவு எடுக்கணும்,” என்றார் தனிஸ்லாஸ்.

“ரொட்டி போகணும்.”

“எப்ப திரும்புவே?”

“எட்டரை.”

வண்டியை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான். சட்டைக்குள் நியூஸ்பேப்பர் துருத்திக்கொண்டிருந்தது.

எட்டரை ஆனது. எட்டே முக்கால் ஆனது. பேக்கரிக்காரர், “உள்ளே வந்து உக்காருங்க அண்ணாச்சி. அவன் வேற வழியா வீட்டுக்குப் போனாலும் போயிருப்பான்,” என்றார்.

“இருக்கட்டும். நிக்கிறேன்.”

டேப்பைக் கையில் பிடித்திருந்ததால் கையைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. பனி கலைந்து எதிர்க் கடைகள் திறந்தன. ஒன்பது அடித்ததும் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது.

அருளப்பன் வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை.

“இன்னும் போகலையா?”

“வருவேன்னு சொன்னேல்ல.”

அருளப்பன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரில் வைத்தான். தனிஸ்லாஸ் டேப்பை அவன் தோளில் வைத்து, முழங்கை வழியாக மணிக்கட்டுவரை இழுத்தார். தம்பியின் தோள் எலும்பு அவர் விரலில் பட்டது.

கடைக்கு வந்ததும் சொன்னார்: “இருபத்தஞ்சுதான் மாஸ்டர். சட்டையில இருந்த அதே அளவு.”

“ஒரு நூல் கூடக் குறைச்சல் இல்லையா?”

“இல்ல.”

“அப்ப முதல் தடவை நீங்க போட்ட கணக்கு சரிதான்.”

“சரிதான்.”

“இப்ப எவ்வளவு வெட்டப் போறீங்க?”

தனிஸ்லாஸ் தோலை விரித்தார். இருபத்தைந்தில் ஒரு புள்ளி வைத்தார். சாக்பீஸ் அங்கேயே நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய் ஒன்றரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டார்.

மெகருன்னிசா வெட்டுக்கத்தியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

இந்த முறை தைத்து முடித்ததும் அவர் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. மேஜைமேல் அது விறைத்து உட்கார்ந்திருந்தது. கிளாராவிடமும் கொடுத்தனுப்பவில்லை. தயார் என்று மட்டும் சொல்லியனுப்பினார். நாலு நாள் யாரும் வரவில்லை. படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். இரண்டு தடவை ரவிக்கைத் துணியோடு பெண்கள் வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை மதியம் அருளப்பன் ஏறி வந்தான். அண்ணனைப் பார்க்காமல் மெகருன்னிசாவிடம் நேராகப் போய், “ஜாக்கெட் இருக்குன்னாங்க,” என்றான்.

மாட்டிக்கொண்டான். தோள் பொருந்தியது. ஜிப்பை மேலே இழுத்தபோது, உள்ளே ஒரு கை நுழையும் இடம் இருந்தது. ஜாக்கெட் கை மட்டும் மணிக்கட்டைத் தாண்டி வந்து கட்டைவிரலின் அடியை மூடியது.

“நீளமா இருக்கே,” என்றான் மெகருன்னிசாவிடம்.

அவள் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மடிஞ்சு மடிஞ்சு மேலே ஏறும்,” என்றார் தனிஸ்லாஸ்.

அருளப்பன் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினான்.

“எத்தனை நாள்ல?”

“தெரியல. நீ போடறதைப் பொறுத்து.”

அருளப்பன் ஆணியில் கையைக் கட்டிக்கொண்டு தொங்கிய பழைய ஜாக்கெட்டைப் பார்த்தான். பிறகு கட்டாமல் தொங்கிய தனிஸ்லாஸின் கைகளைப் பார்த்தான். தடதடவென்று படியிறங்கிப் போனான்.

தனிஸ்லாஸ் ஜன்னலருகே போய் நின்றார். கீழே அருளப்பன் முழங்கை மடங்காமல் ஹெல்மெட் வாரோடு போராடிக்கொண்டிருந்தான். ஒருவழியாக மாட்டிக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு வண்டியில் ஏறிப் புறப்பட்டான்.

“ஒரு வார்த்தை சொல்லாமப் போறான் பாருங்க மாஸ்டர். விறைப்பாவே போறான்.”

மெகருன்னிசா நூலை ஊசியில் கோத்துக்கொண்டே சொன்னாள்:

“புதுத்தோல் அப்படித்தான் போகும். நீளம் விட்டிருக்கீங்கல்லண்ணே, போகட்டும்.”