முட்டிக்குப் போட்ட பத்து

இலுப்பைத் தோப்பை ஒட்டி ஒரு குட்டை. அதன் கரையில் சடைச்சி என்ற கரடியும் அவள் மகள் குண்டுமணியும் இருந்தார்கள். கரடிகள் பிள்ளையை முதுகில் சுமப்பது வழக்கம்தான். ஆனால் குண்டுமணிக்கு இறங்கி நடக்கிற வயது வந்து வெகுநாள் ஆகியும் அம்மா முதுகை விடவில்லை. "இவளையா இன்னும் சுமக்கிறே?" என்று யாராவது கேட்டால், "பூ மாதிரி இருக்கா, பாவம்" என்பாள் சடைச்சி. அந்தப் பூ நல்ல பலாப்பழமாக நாலைந்தைச் சேர்த்துக் கட்டிய கனம் இருந்தது.

அந்த வருஷம் கோடை முந்திக்கொண்டது. குட்டை வற்றத் தொடங்கியது. தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிற நடுக்கல் எப்போது வெளியே தெரிகிறதோ, அன்றைக்கு மொட்டைப்பாறை மேட்டை ஏறி இறங்கி அந்தப் பக்கத்து ஆற்றுக்குப் போய்விடுவது என்று எல்லா விலங்குகளும் பேசி முடித்தன. சடைச்சிக்கு மட்டும் மேட்டை அண்ணாந்து பார்க்க முடிந்ததே தவிர, ஏற முடியும் என்று தோன்றவில்லை.

காரணம் அவளுடைய வலது கால். காலையில் எழுந்தால் கட்டை மாதிரி விறைத்திருக்கும். கொஞ்சம் நடந்த பிறகுதான் இளகும். குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. வலி எங்கே என்றால், தொடையும் அடிவயிறும் சேருகிற இடுக்கில். உள்ளே ஆணி அடித்த மாதிரி இருக்கும். அங்கே புறப்பட்டுத் தொடை வழியாக முட்டி வரைக்கும் ஓடும்.

அந்தக் காட்டுக்கு வைத்தியர் வாலாயுதம் என்ற குரங்கு. சடைச்சி அவரிடம் போனபோது மரத்தடியில் ஒரே கூட்டம். காட்டுப்பன்றி, மான், மயில் என்று ஆளாளுக்கு ஒரு நோவோடு காத்திருந்தார்கள்.

"எங்கே தங்கச்சி வலி?" என்று வைத்தியர் கேட்டார்.

சடைச்சிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இத்தனை பேர் முன்னால், அதுவும் ஒரு ஆம்பிளையிடம், அந்த இடத்தை எப்படிச் சொல்வது?

"முட்டியில அண்ணே" என்றாள்.

முட்டி வரைக்கும் வலி ஓடத்தானே செய்கிறது, அப்படியொன்றும் பொய்யில்லை என்று மனசுக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வாலாயுதம் நொச்சி இலையை வழுவழுவென்று அரைத்து, முட்டியில் பத்து போட்டார். காய்ந்து உதிரும்போது வலியும் கூடவே உதிர்ந்துவிடும் என்றார். பத்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை. இன்னும் கெட்டியாக ஒரு பத்து போட்டு, நோகிற காலை அசைக்கவே கூடாது, குகையில் படுத்தே இரு என்று சொல்லி அனுப்பினார். படுத்திருப்பவளைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? தேனடையும் இலுப்பைப் பூவுமாக வந்தன. சடைச்சி படுத்தபடியே தின்றாள். உடம்பு பெருத்தது. கால் இன்னும் விறைத்தது. முட்டி மட்டும், பத்து போட்டுப் போட்டு, காட்டிலேயே பளபளப்பான முட்டியாக ஆகிவிட்டது.

ஒருநாள் காட்டுப்பன்றி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான். "பாப்பாவை நாங்க கூட்டிட்டுப் போறோம். நீ பின்னாடி மெதுவா வா."

பின்னாடி மெதுவா என்றால் என்ன அர்த்தம் என்று சடைச்சிக்குத் தெரியும். வற்றிய குட்டைக்கரையில் தனியாகக் கிடப்பது என்று அர்த்தம். குண்டுமணிக்கும் புரிந்துவிட்டது போல. அம்மாவின் சடைமுடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு நொண்டி நொண்டி வந்தாள். வலதுகால்தான் வலிக்கிறது என்பதால் வலது கையில் ஒரு கோல். முதுகில் குண்டுமணி. குட்டையில் ஒற்றைக்காலில் நின்றிருந்த நெட்டச்சி என்ற நாரை இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பத்து முட்டியில இருக்கு. கை ஏன் அங்கே போகுது?"

சடைச்சி தொடை இடுக்கிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்தாள். "எங்கே போச்சு? சும்மா சொறிஞ்சேன்."

"அப்ப சொறிக்குத்தானே பத்து போட்டிருக்கணும்."

சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். பிறகு நாரையின் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

நெட்டச்சி அவளைக் கரையில் மல்லாக்கப் படுக்கவைத்தாள். முட்டியை மடக்காமல், அலகால் பாதத்தைத் தள்ளிக் காலை உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெல்ல உருட்டினாள். உள்பக்கம் திரும்பியதும் இடுக்கில் சுரீர் என்றது. சடைச்சி "ஐயோ" என்றாள்.

"முட்டி மடங்கவே இல்ல. கத்தினது முட்டியா இடுப்பா, பாத்தியா? நான் ஒத்தைக்கால்ல நின்னு பொழைக்கிறவ அக்கா. இடுப்பு மூட்டுதான் எனக்குச் சோறு போடுது. அது படுத்துற பாடு எனக்குத் தெரியாதா?"

ஊர் ஓரத்து வீடுகளில் ஆட்டுரலில் மாவு ஆட்டுவதை நெட்டச்சி பார்த்திருக்கிறாள். இடுப்பு மூட்டும் அப்படித்தான் என்றாள். உரல்குழிக்குள் குழவி மாதிரி, ஒரு குழிக்குள் தொடை எலும்பின் உருண்டை சுற்றுகிறது. நடுவில் மாவு இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு சுற்றும். மாவு தேய்ந்து தீர்ந்தால் கல்லும் கல்லும் உரசும். அந்த வலிதான் இது.

"தீர்ந்த மாவு திரும்ப வருமா?" என்று கேட்டாள் சடைச்சி.

"வராது. மனுசங்க ஆஸ்பத்திரியில, என்ன செஞ்சும் நடக்க முடியலைன்னா உரலையும் குழவியையும் எடுத்துட்டுப் புதுசே வச்சிடுறாங்களாம். நமக்கு அந்த வசதி ஏது? ஆனா கல்லு மேல இருக்கிற கனத்தைக் குறைச்சா உரசல் குறையும். சுத்தி இருக்கிற சதைக்குப் பலம் குடுத்தா மூட்டை அது தாங்கிப் பிடிக்கும். நீ படுத்துப் படுத்து அந்தச் சதையையும் வத்த விட்டுட்டே."

பிறகு முதுகைப் பார்த்தாள். "முதல்ல இந்தப் பூவை இறக்கு."

குண்டுமணி முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அடுத்தது கோல். அதை இடது கையில் பிடிக்கச் சொன்னாள் நெட்டச்சி. மரத்தில் இருந்து இதைப் பார்த்த வாலாயுதம் விழுந்து விழுந்து சிரித்தார். வலது காலுக்கு இடது கையில் கோலா, அப்படியே வாலிலும் ஒன்று கட்டிவிடு என்றார். நெட்டச்சி அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"வலது கால் ஊன்றும்போது உடம்பு இடது பக்கம் சாயப் பாக்குது. அதை வலது இடுப்புதான் இழுத்துப் பிடிக்குது. இடது பக்கம் கோல் இருந்தா அந்த இடுப்புக்கு வேலை மிச்சம். நடந்து பாரேன்."

சடைச்சி கோலை மாற்றி நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். "அடி ஆத்தி" என்றாள். வலி போகவில்லை, ஆனால் பாதி பாரத்தை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மிச்சமிருந்த தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கி நடந்தாள். தண்ணீர் கனத்தைத் தாங்கிக்கொண்டதால் கால் லேசாக அசைந்தது. தரையில் குந்துவதை விட்டு, விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்தாள். தேனடை வந்தால் எறும்புக்கு வைத்தாள். வருத்தத்தோடுதான் வைத்தாள். ரொம்ப வலித்த நாளில் ஓய்வு, குறைந்ததும் மறுபடி தண்ணீர்.

நடுக்கல் வெளியே தெரிந்தது. எல்லோரும் புறப்பட்டார்கள். சடைச்சியும் புறப்பட்டாள்.

மேட்டில் ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது நோகிற காலை முதலில் வை என்று நெட்டச்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். குண்டுமணி அதையே பாட்டாக்கிவிட்டாள். "நல்லது மேலே! நோவது கீழே!" பாதி மேட்டில் பாட்டு நின்றது.

"அம்மா, கால் வலிக்குது. தூக்கு."

சடைச்சியின் முதுகு தன்னால் குனிந்தது. பெற்ற மனசு அப்படித்தான். ஆனால் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"தூக்கினா ரெண்டு பேருமே இங்கதான்டி. உக்காந்து மூச்சு வாங்கிட்டு நட. அம்மாவும் உன் கூடவே நடக்குறேன்."

குண்டுமணி சிணுங்கினாள், உட்கார்ந்தாள், பிறகு நடந்தாள். எல்லோருக்கும் கடைசியாக, வெயில் சாயும் நேரத்தில், அம்மாவும் மகளும் ஆற்றில் கால் வைத்தார்கள்.

இடுப்பு வலிக்கு முட்டியில் பத்து போட்டதற்காக அங்கே எல்லோரும் வாலாயுதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். முட்டி வைத்தியர் என்று பட்டப்பெயரே வைத்துவிட்டான் காட்டுப்பன்றி. வைத்தியருக்கு ரோஷம் வந்தது.

"எங்கே வலின்னு கேட்டேன். முட்டின்னா. முட்டிக்குப் போட்டேன். படுக்கச் சொன்னது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா முட்டி இப்ப எப்படி இருக்கு, அவளையே கேளுங்க."

"முட்டிக்கு ஒரு குறையும் இல்ல அண்ணே. தொடை இடுக்குன்னு சொல்லக் கூச்சப்பட்டது நான்தான்" என்றாள் சடைச்சி, எல்லோருக்கும் கேட்கும்படி. ஆற்றங்கரையே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் வாலாயுதம் மெல்ல நெட்டச்சியின் பக்கம் நகர்ந்தார். ரொம்ப நாளாகத் தலைவலி என்று நெற்றியில் பத்து போட்டுக்கொண்டு திரிகிறவர் அவர்.

"அது தலைவலி இல்லம்மா" என்று கிசுகிசுத்தார். "வாலுக்கு அடியில ஒரு கட்டி."

"அண்ணே, சத்தமா சொல்லுங்க" என்றாள் சடைச்சி.

வெட்கப்பட்டு வலியின் இடத்தை மாற்றிச் சொன்னால், மருந்தும் இடம் மாறித்தான் போய்ச் சேரும்.