பாலித்தீன் பைக்குப் பயந்த சேவல்

கோழிக்கூட்டத்துக்குச் சேவல்தான் ராஜா என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பிழை. சின்னப் பிழையும் அல்ல. கதை சொன்னவர்கள், படம் போட்டவர்கள், நன்றாகப் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பிழை. தலையில் சிவப்பாக ஒன்று இருக்கிறது, நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது, ஊருக்கே கேட்கும்படி சத்தம் போடுகிறது. ஆகவே ராஜா என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்த மூன்று லட்சணமும் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிறவருக்கும் உண்டு. அவரை யாரும் மாப்பிள்ளை என்று நினைப்பதில்லை.

உண்மை இதுதான். சேவல் என்பது ஓர் உத்தியோகம். காவல் உத்தியோகம். அதற்கு ஆள் எடுப்பவை பெட்டைகள். அந்த விஷயத்தைச் சேவலுக்குச் சொல்லாமல் இருப்பது அவற்றின் பெருந்தன்மை.

இனிக் கதைக்கு வரலாம்.

பாறைக்குன்று ஒன்றின் அடிவாரத்தில் ராசகனி என்ற பெண்ணின் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு விறகு அடுக்கு, துணி காயப்போடும் கொடி, நாலைந்து பெட்டைகள், இரண்டு இளஞ்சேவல்கள். குன்றின் மேல் ஒரு பருந்து குடியிருந்தது. அந்தக் கொல்லையின் மேல் அதற்குத் தனிப் பிரியம்.

பெட்டைகளில் கருமணி என்பவள் அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தாள். ஏழு குஞ்சுகள். போன ஈட்டில் பொரித்தவற்றில் பாதியைப் பருந்து கொண்டுபோயிருந்தது. அதனால் இந்த ஏழையும் அவள் நடந்தால் எண்ணுவாள், நின்றால் எண்ணுவாள். இந்த முறை ஒன்றுகூடக் குறையக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை.

பழைய சேவல் மழைக்காலத்தில் வயதாகிச் செத்துப்போனது. இடம் காலி. இளஞ்சேவல்கள் இரண்டும் அந்த இடத்துக்கு அடித்துக்கொண்டன.

ஒருவன் மயிலான். கழுத்தில் பொன்னிறம், வாலில் பச்சையும் நீலமும். எங்கே இரை கண்டாலும் "கொக் கொக் கொக், வாங்க வாங்க" என்று எல்லாரையும் கூப்பிடுவான். சில நேரம் வெறும் கூழாங்கல்லைக் காட்டியும் கூப்பிடுவான். ஆனாலும் கூப்பிடுகிற விதத்தில் ஒரு மரியாதை இருந்தது.

இன்னொருவன் மொட்டையன். கழுத்தில் இறகே முளைக்காத ஜாதி. பார்த்தால் யாரோ பாதி உரித்துவிட்டு மனம் மாறி விட்டுவிட்டது போல இருப்பான். அவனுக்கு ஒரு வியாதி இருந்தது. எப்போது பார்த்தாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மேலே எது அசைந்தாலும் "க்ர்ர்ர்க்" என்று கத்துவான். கோழிப் பாஷையில் அதற்கு 'ஒளிந்துகொள்' என்று அர்த்தம்.

காய்ந்த தென்னமட்டை விழுந்தால் கத்துவான். ஆகாய விமானம் போனால் கத்துவான். காக்காய், புறா, தும்பி, எதையும் விட்டுவைக்க மாட்டான்.

ராசகனி பழைய பானையில் சாணியும் கந்தல் சாக்கும் போட்டு நனைத்துக் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் அதில் கரையான் ஏறியிருக்கும். காலையில் பானையை எடுத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் தட்டுவாள். குஞ்சுகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ஆனால் கரையான் காத்திருக்காது. கொஞ்சம் தாமதித்தால் மண்ணுக்குள் போய்விடும்.

அன்று பானையைத் தட்டியதும் மொட்டையன் கத்தினான். ஏழு குஞ்சுகளும் கருமணியின் இறக்கைக்குள் ஓடின. வெளியே வந்தபோது கரையானில் பாதி இல்லை.

"என்னடா அது?" என்றாள் கருமணி.

"பறந்துச்சு, அக்கா."

"அது ராசகனி சேலை."

"பறந்துச்சே."

"கொடியில கிடக்கிற சேலை காத்தடிச்சா பறக்கத்தான் செய்யும். முந்தாநாள் குடையைப் பார்த்துக் கத்தினே. நேத்து தும்பியைப் பார்த்துக் கத்தினே. என் பிள்ளைங்க திங்கிறதா, உன் கூட ஓடிப் பிடிச்சு விளையாடுறதா?"

கொண்டைச்சி என்ற இன்னொரு பெட்டை வாயில் கரையானோடு பேசினாள். அவள் வாயில் எதுவும் இல்லாமல் பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்கு மயிலான்தான் பிடிச்சிருக்கு. அவன் கூப்பிட்டா சாப்பாடு. இவன் கூப்பிட்டா பட்டினி."

"நல்லாச் சொன்னீங்க மதினி," என்றாள் கருமணி. பிறகு மொட்டையனிடம் திரும்பினாள். "இங்க பாரு தம்பி. இனிமே நல்லாப் பார்த்துட்டுக் கத்து. பருந்துதான்னு நிச்சயமாத் தெரிஞ்ச பிறகு கத்து. அதுவரைக்கும் வாயைத் திறக்காதே."

"பார்த்துட்டுக் கத்தினா நேரம் இருக்காதே, அக்கா."

"அதெல்லாம் இருக்கும்."

மொட்டையன் பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன். வாயை மூடிக்கொண்டான்.

கொல்லை அமைதியானது. குஞ்சுகள் கழுத்துவரை தின்றன. மயிலான் நடுவில் நின்று "வாங்க வாங்க" என்றான். "இதுதான் குடும்பம் நடத்துற இடம் மாதிரி இருக்கு," என்றாள் கொண்டைச்சி. கருமணிகூட ஒருமுறை எண்ணாமல் இருந்துவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் மயிலான் வெட்டவெளியில் ஒரு புழுவைக் கண்டுபிடித்து எல்லாரையும் கூப்பிட்டான். குஞ்சுகள் முருங்கை நிழலை விட்டு ஓடின. எல்லாருக்கும் பின்னால் போனது துக்குணி. ஏழில் ஆகச் சின்னது அதுதான்.

மொட்டையன் மேலே பார்த்தான். வலக்கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்தது. காக்காயாக இருக்கலாம். நிச்சயம் செய்துகொள்ளத் தலையைத் திருப்பி இடக்கண்ணால் பார்த்தான். கோழிக்கு இரண்டு கண்ணாலும் ஒரே நேரத்தில் ஆகாயத்தைப் பார்க்கிற வசதி கிடையாது. கண் மாற்றுகிற நேரத்துக்குள் அந்தப் புள்ளிக்கு இறக்கையும் நகமும் முளைத்துவிட்டன.

அவன் கத்தவும் பருந்து இறங்கவும் சரியாக இருந்தது.

விறகு அடுக்குக்குள் முதலில் போய்ச் சேர்ந்தது மயிலான். அதை ஒரு குறையாகச் சொல்லக்கூடாது. அவன் நல்ல ஓட்டக்காரன். கருமணி ஓடிவந்தாள். ஆனால் அவளுக்கு முன்பே மொட்டையன் பருந்தின் மேல் போய் விழுந்திருந்தான். கொஞ்ச நேரம் புழுதியும் இறகும்தான் தெரிந்தன. பருந்து துக்குணியைப் போட்டுவிட்டு எழும்பியது. வெறுங்கையோடு போக மனமில்லாமல் மொட்டையனின் வாலைப் பிடுங்கிக்கொண்டு போனது.

துக்குணிக்கு முதுகில் தோல் கிழிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

கருமணி எண்ணினாள். ஏழு. இன்னொரு தரம் எண்ணினாள். பிறகுதான் மொட்டையனைப் பார்த்தாள். ஏற்கெனவே கழுத்தில் ஒன்றும் இல்லை. இப்போது பின்னாலும் ஒன்றும் இல்லை. அவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"நான் பார்த்தேன், அக்கா. முதல்லயே பார்த்தேன். நிச்சயமாத் தெரியலை. அதான்..."

கருமணி திரும்பி நடந்தாள். பானையடியில் எஞ்சியிருந்த கரையானைக் கிளறி எடுத்து, அவன் காலடியில் போட்டு, "கொக் கொக்" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலில் அவள் தன் குஞ்சுகளைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டதில்லை.

இனி இவன்தான் காவல் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதற்குள் ஒரு சிக்கல் வந்தது.

நடந்ததை ராசகனி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். உடனே டவுனில் இருக்கும் தன் தம்பி செல்லையாவுக்குப் போன் போட்டாள். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அதனால் கோழிகள் எல்லாவற்றையும் கேட்டன.

"பருந்தையே தூக்கி அடிச்சிருச்சுடா. நம்ம மொட்டைக்கழுத்துச் சேவல்."

"அப்படியாக்கா? என் கோழிங்களுக்கு ஒரு சேவல் தர்றேன்னு சொன்னியே. எனக்கு அதையே குடுத்துரு. நாளைக்கு வர்றேன்."

"எடுத்துக்கோ. ரெண்டு சேவலை வச்சுக்கிட்டு என்னால சண்டை விலக்க முடியலை."

கொண்டைச்சி இரை பொறுக்குவதை நிறுத்தினாள். அது அபூர்வம். "போச்சா? அப்ப நமக்கு மயிலானா?"

"நேத்து வரைக்கும் உங்களுக்கு அவனைத்தானே பிடிச்சுது, மதினி?"

"இன்னைக்கு அவன் விறகுக்குள்ள இருந்த எடத்துல எனக்கு எடம் குடுக்கலையே."

கருமணி யோசித்தாள். மயிலான் காவலுக்கு இருந்தால் இந்த ஏழும் பருந்துக்குத்தான். வீரன் என்று கேள்விப்பட்டதால்தான் செல்லையா மொட்டையனைக் கேட்கிறான். அந்தப் பெயரைக் கெடுத்தால் போதும். அதற்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தான் போட்ட பூட்டைத் தானே திறந்தால் போதும்.

அவள் மொட்டையனிடம் போனாள். "நாளைக்கு உன் இஷ்டத்துக்குக் கத்து."

"எதைப் பார்த்து, அக்கா?"

"எதைப் பார்த்தாலும்."

"நிச்சயமாத் தெரியாட்டியுமா?"

"தெரியாட்டித்தான்."

மொட்டையன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் கண்டதே இல்லை.

மறுநாள் செல்லையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தன் தலையைத் தானே கழற்றுகிற ஆளை மொட்டையன் அன்றுதான் பார்த்தான். "க்ர்ர்ர்க்" என்றான். கொல்லை காலியானது.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. இப்ப வெளியே வந்துரும்."

வந்தன. முருங்கையிலிருந்து ஒரு காய்ந்த குச்சி விழுந்தது. "க்ர்ர்ர்க்." மறுபடி காலியானது. செல்லையா அக்காவுக்குக் காராச்சேவு வாங்கி வந்த பாலித்தீன் பை, காற்றில் கைநழுவி, உப்பிக்கொண்டு ஆகாயத்தில் எழும்பியது. இதற்கு மொட்டையன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகளும் ஒளிந்தன. அவனே கருமணிக்குப் பக்கத்தில் வந்து தரையோடு தரையாகப் படுத்துவிட்டான்.

கொல்லை நடுவில் மயிலான் மட்டும் நின்றான். அவன் மேலே பார்க்கவே இல்லை. கீழே காராச்சேவு சிந்தியிருந்தது.

"இதுவா பருந்தை அடிச்சுது?" என்றான் செல்லையா. "பாலித்தீன் பைக்கே செத்துப் பிழைக்குதே."

"சத்தியமாடா. என் கண்ணால பார்த்தேன்."

"வாலும் இல்லாம கழுத்தும் இல்லாம இதைப் பார்த்ததும் பருந்துக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதான் கீழே போட்டிருக்கும். அந்தா நிக்கிறான் பாரு, அவன்தான் ஆம்பளை. எல்லாம் ஓடுது, அசையறானா பாரு. நான் இவனையே கொண்டு போறேன்."

மயிலானைக் கூடையில் வைத்தார்கள். அவன் கழுத்தை வெளியே நீட்டி, "ரெண்டு பேர்ல என்னைத்தான் எடுத்தாங்க, பார்த்தீங்களா?" என்றான்.

"பார்த்தோம் ராஜா," என்றாள் கருமணி. "நல்லபடியாப் போயிட்டு வா."

அவனுக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. செல்லையா வீட்டு மொட்டைமாடியில் நாலு பக்கமும் மேலேயும் கம்பிவலை அடித்த கூண்டு. அங்கே ஆகாயத்தைப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. காலை மாலை தீவனம் விழும்போது மயிலான் "வாங்க வாங்க" என்று கூப்பிடுகிறான். பெட்டைகளுக்கு அவன் மேல் நல்ல மதிப்பு.

மொட்டையன் பழையபடி தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். தும்பிக்குக் கத்தினான், குடைக்குக் கத்தினான், கொடியில் கிடந்த சேலைக்குத் தினமும் கத்தினான். கொண்டைச்சி தினமும் திட்டினாள். திட்டிக்கொண்டே ஓடி ஒளிந்தாள்.

நிச்சயமாகத் தெரிந்த பிறகே எச்சரிக்க வேண்டும் என்று காவலனுக்குக் கட்டளையிடுகிறவர்கள், தங்களுக்குக் காவலே வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

அந்த ஈட்டுக் குஞ்சுகள் கொஞ்சம் மெலிவாகத்தான் வளர்ந்தன. ஏழும் வளர்ந்தன.