ராஜா கேட்ட ஜெலசி

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, ஒரு ராஜா இருந்தார். எதைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் அது உடனே தம் கண்முன் வந்து நிற்க வேண்டும் அவருக்கு.

ஒரு நாள் வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் ராஜாவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடியும், இங்கிலீஷில் ஒரு கடிதமும் அனுப்பினான். அதைப் படித்துச் சொன்னவர் துபாஷி அப்பாசாமி. அந்தப் பாஷை தெரிந்தவர் சபையில் அவர் ஒருவரே. அதனால் தினமும் முதல் தாம்பூலம் அவருக்குத்தான்.

“தங்கள் சபையில் செல்வம் கண்டேன், ஜெலசியும் நிறையக் கண்டேன் என்று எழுதியிருக்கிறான், மகாராஜா.”

“ஜெலசி என்றால் என்ன?”

அப்பாசாமிக்கு அர்த்தம் தெரியும். சொன்னால் வம்பு என்றும் தெரியும். எதிரே விகடன் மாசிலாமணி நின்றிருந்தான். முந்தின நாள் ராஜாவைச் சிரிக்கவைத்து அவன் வாங்கிய பட்டுச் சால்வை அப்பாசாமியின் கண்ணை உறுத்தியது.

“அது ஓர் அபூர்வ வஸ்து, மகாராஜா. மாசிலாமணி போன்ற மேதாவியால்தான் கொண்டுவர முடியும்.”

“அப்படியா? மாசிலாமணி, நாளைக் காலை ஜெலசியைக் கொண்டுவா. அதன் பொருள், பிறந்த இடம், உபயோகிக்கும் விதம் மூன்றையும் காட்டு. தவறினால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை.”

மாசிலாமணி நேரே வியாபாரியின் கூடாரத்துக்குப் போய்க் கேட்டான். வியாபாரிக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடி. வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

“பக்கத்து இலை, ரெண்டு வடை. என் இலை, ஒரு வடை. இங்கே நெருப்பு.”

“அட, இதுவா? இது எங்க சபையிலேயே விளையுதே, துரை. ஒரு உபகாரம் பண்ணுங்க. அதோ மூலையில நிக்குதே, அந்தப் பெரிய கண்ணாடியை ஒரு பகலுக்கு இரவல் கொடுங்க.”

மறுநாள் காலை, துணி போர்த்திய கண்ணாடியோடு சபைக்கு வந்தான்.

“மகாராஜா, ஜெலசி வரவேண்டுமானால் இன்று முதல் தாம்பூலம் அடியேனுக்கு வரவேண்டும்.”

ராஜா தலையசைத்தார். தாம்பூலத் தட்டு அப்பாசாமியைத் தாண்டிப் போயிற்று.

“இவனுக்கா? நேத்துவரைக்கும் குட்டிக்கரணம் போட்ட பயல்,” என்றார் சேனாபதி.

“வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரியுமா இவனுக்கு?” என்றார் புரோகிதர்.

அப்பாசாமியால் உட்கார முடியவில்லை. “இருபது வருஷமா எனக்கு வர்ற தட்டுடா அது. இப்படிக் கொடு,” என்று பிடுங்கினார். வெற்றிலை சபை முழுக்கச் சிதறியது.

“வந்துவிட்டது, மகாராஜா,” என்றான் மாசிலாமணி. “இதன் பொருள் பொறாமை. பிறந்த இடம், அந்தத் தட்டு என்னிடம் வந்த வழி. உபயோகிக்கும் விதத்தைத் துபாஷி ஐயா காட்டிக்கொண்டிருக்கிறார்.”

ராஜா சிரித்தார். “நல்லவேளை, சிம்மாசனப் படி ஏறவில்லை அது.”

மாசிலாமணி துணியை விலக்கினான். ஆள் உயரக் கண்ணாடி. ராஜாவின் சிரிப்பு நின்றது. மடியில் இருந்த சின்னக் கண்ணாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இதை யார் கொடுத்தது?”

“வியாபாரி, மகாராஜா.”

“எனக்கு உள்ளங்கை அளவு, உனக்கு ஆள் உயரமா?”

“இரவல்தான். சாயங்காலம் திருப்ப வேண்டும். அதற்குள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.”

ராஜா பார்த்தார். புருவம் முடிச்சிட்டு, உதடு பிதுங்கி ஒரு முகம். பின்னால் நின்ற அப்பாசாமிக்கும் அச்சாக அதே முகம். கிரீடம் நழுவும்வரை சிரித்தார் ராஜா. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டு, புதுத் தாம்பூலத்தை அப்பாசாமி கையாலேயே கொடுக்கச் சொன்னார்.

மாசிலாமணி அதில் பாதியை அப்பாசாமியிடமே நீட்டினான். வாங்கிக்கொண்டார், கண்ணுகளா. வாங்கிக்கொண்டு, மற்றப் பாதி பெரிதாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.