இரண்டாவது முடிச்சு

அங்கயற்கண்ணி, நாச்சியாரிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாச்சியாருக்கு முப்பத்திரண்டு. சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு வேறு வேலை கிடையாது.

மலையடிவாரத்து ஓடைக்கரையில் ஓடு வேய்ந்த ஒரு கூடம். பின்னால் வெட்டிவேர்ப் பாத்தி. தூங்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பெற்றவர்கள் வருவார்கள். நாச்சியார் வெட்டிவேரும் மருவும் காய்ந்த மகிழம்பூவும் சேர்த்துப் பருத்தித் துணியில் முடிந்து கொடுப்பாள். படுக்கையின் கால்மாட்டில் வைக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் மட்டும் ரொம்பக் கண்டிப்பு. ஒரு பிள்ளைக்கு இரண்டு முடிச்சு. ஒன்று பிள்ளைக்கு. இரண்டாவது, பிள்ளையோடு விழித்துக் கிடக்கிறவருக்கு.

"தூங்காதது பிள்ளை. பெரியவங்களுக்கு எதுக்கும்மா தண்டமா ஒண்ணு?" என்று அங்கயற்கண்ணி வந்த வருஷமே கேட்டாள்.

நாச்சியார் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். "ரெண்டாவது துணியை வெட்டுங்க அக்கா."

பத்து வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கயற்கண்ணியின் மூக்கு சாதாரண மூக்கில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால், காலையில் என்ன தாளித்தார்கள் என்று சொல்லிவிடுவாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஆகையால் எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில், ஓரம் விட்டு, எழுதி வைப்பாள். எந்த வேர் எத்தனை சிட்டிகை, எத்தனை நாள் நிழலில் காய்ந்தது, எல்லாம். இவ்வளவு செய்தும் "உங்க கை நல்ல கை" என்று நாச்சியார் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாசானம் வந்தான். மர அறுப்பு மில்லில் ரம்பத்தில் நிற்கிறவன். தலையில் ஈரம் காயவில்லை; ஓடையில் முங்கிவிட்டு வந்திருக்கிறான். தோளில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. தோளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் துவைத்த துண்டு ஒன்றை நாலாய் மடித்துப் போட்டிருந்தான். இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு.

மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் மெல்லிய வாயில் சேலை ஒன்று.

"எம்பிள்ளை இசக்கியோட அம்மா சேலை. செண்பகவல்லி. மஞ்சக்காமாலையில போய் ஏழு மாசமாவுது. அதுல இருந்து பிள்ளை தூங்க மாட்டேங்கா. இந்தச் சேலையை விரிச்சா மட்டும் கொஞ்சம் கண்ணசருவா. ஒரு மாசமா அதுவும் இல்ல. வாசம் தீந்துபோச்சும்மா."

"நீங்க தூங்குறீங்களா?" என்றாள் நாச்சியார்.

அவன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தான். "ரம்பத்துக்கு முன்னால நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். நகத்தோட போச்சு. அடுத்த செவ்வாக்கிழமைக்கு அடுத்த செவ்வா, கோயில்பட்டியில இருந்து எங்கக்கா வருதா. அவளுக்குப் பிள்ளை இல்ல. 'முழுக் கையும் போறதுக்குள்ள இசக்கியை எங்கிட்டக் குடுத்துரு'ங்கா. அவ சொல்லுதது நியாயந்தான். ஆனா கூட்டிட்டுப் போனா, போனதுதாம்மா. பெறகு நான் யாரோ மாமன்."

இசக்கி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பெரியவர்களுக்கு வருவது போலக் கருவளையம்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அவ வாசம். அப்படியே. செய்ய முடியுமா?"

நாச்சியார் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "எனக்கு அந்தக் கை வராது" என்றாள். "அக்காவுக்கு வரும்."

பத்து வருஷத்தில் கேட்காத வார்த்தை. அங்கயற்கண்ணி அந்த நிமிஷமே நோட்டை எடுத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"குளிக்க என்ன சோப்பு?"

"பச்சைக் கலர்ல இருக்கும்."

"கலர் எதுக்கு எனக்கு? வேப்பெண்ணெய் நெடி அடிக்குமா, அடிக்காதா?"

"அடிக்கும்."

"தலைக்கு?"

"தேங்காண்ணெய். அதுல வெந்தயம் போட்டுக் காச்சுவா."

"கருக விடுவாளா?"

அவன் சிரித்தான். ஏழு மாசத்தில் அதுதான் முதல் சிரிப்போ என்னவோ, முகத்தில் சரியாக உட்காரவில்லை. "தெனமும் கருக விடுவா. பிள்ளை பின்னால ஓடுவா, இங்க கருகிரும்."

"பூ?"

"வெள்ளிக்கிழமைக்குப் பிச்சி. மத்த நாள் ஒண்ணும் கிடையாது."

"அடுப்பு?"

"கேஸுதான். வெந்நிக்கு மட்டும் தென்னமட்டை எரிப்பா. அந்தப் புகை அவ முடியில..." அவன் நிறுத்திவிட்டான். பிறகு எழுந்து ஓடைப் பக்கம் போனான். அங்கயற்கண்ணி அவன் வரும்வரை பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.

புறப்படும்போது அவனுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னாள். "வாசத் துணியில வேற ஆள் கை படக்கூடாது. உம்ம வேர்வை பட்டா போச்சு."

"நான் தொடவே மாட்டேன்" என்றான் மாசானம். "பிள்ளையை அதுல போட்டுட்டுச் செவத்தோரம் போயி உக்காந்துக்கிடுவேன். மில்லுல இருந்து வந்தா குளிக்காம பிள்ளைகிட்டயே போறதில்ல. எங்க அவ வாசத்தோட என் நாத்தம் கலந்துருமோன்னு பயம்."

"நல்ல காரியம் செஞ்சீரு" என்றாள் அங்கயற்கண்ணி.

அந்த வாரம் அவள் மனுஷியாக இல்லை. வெந்தயத்தைக் கருக்கினாள், அதிகம் கருகிவிட்டது என்று கொட்டினாள், மறுபடி கருக்கினாள். தென்னமட்டையை எரித்துப் புகையில் அந்தச் சேலையைப் பிடித்தாள். வேப்பெண்ணெய்ச் சோப்பைச் சீவினாள். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தாள். படுத்தாளா என்று யாருக்கும் தெரியாது.

மூக்கு மரத்துப்போகும்போதெல்லாம் தன் முழங்கை மடிப்பை முகர்ந்துகொண்டாள். அது நாச்சியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். தன் மேல் வாசத்தை ஒருதரம் முகர்ந்தால் மூக்கு திரும்பவும் விழித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலையில் அப்படி முகர்ந்தபோது அங்கேயும் வேம்பும் கருகிய வெந்தயமும்தான் இருந்தன. அவளுடையது என்று ஒன்றும் மிச்சமில்லை. வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

நாச்சியார் சேலையை ஒருதரம் முகர்ந்து பார்த்தாள்.

"எப்படிம்மா?"

"அச்சு அசல்."

"அப்ப ஞாயித்துக்கிழமை அந்தப் பிள்ளை தூங்கிரும்."

"மாசானத்துக்கு என்ன குடுக்கப் போறீங்க?"

"அவருக்கா? அவர் எதுவும் கேக்கலையே."

நாச்சியார் சேலையை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியபிறகு மாசானம் வந்தான். அதே ஈரத் தலை, அதே துண்டு. இசக்கி சிணுங்கிக் களைத்து, தலை தொங்கிப் போயிருந்தாள். அங்கயற்கண்ணி கூடத்தின் நடுவில் பாய் விரித்து, அதன்மேல் சேலையை இரண்டு விரலால் பிடித்து விரித்தாள். மாசானம் பிள்ளையைக் கிடத்திவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தான்.

பிள்ளை சேலையில் முகத்தைப் பதித்தாள். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. வாய் மெல்ல மலர்ந்தது.

அங்கயற்கண்ணி நாச்சியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பத்து வருஷம் இருந்தது.

இசக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

சேலையின் ஒரு முனையைத் தூக்கி அடியில் பார்த்தாள். மறுமுனையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எழுந்து, ஓட்டமும் நடையுமாகக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அங்கே துடைப்பம்தான் இருந்தது. வேர் மூட்டைகளுக்குப் பின்னால் பார்த்தாள். கண்டுபிடிக்கப் போகிற பிள்ளையின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது.

"ம்மா, வா" என்றாள். "காணோம் காணோம். வா."

யாரும் வரவில்லை. இன்னொரு தரம் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அடம்பிடிக்கிற அழுகையாக இருந்தால் அங்கயற்கண்ணி சமாளித்திருப்பாள். இது வேறே. இழவு வீட்டில் பெரிய பொம்பிளைகள் அழுகிற அழுகை.

மாசானம் எழுந்து நின்றான்.

"செவ்வாக்கிழமை எங்கக்கா வரட்டும்" என்றான். "கூட்டிட்டுப் போகட்டும். எனக்குக் கையில பலமில்ல."

அங்கயற்கண்ணி ஓடி வந்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து ஆட்டினாள். பிள்ளை அவள் கழுத்தை முகர்ந்து, இன்னும் உரக்க அழுதது. அவள் உடம்பிலும் அந்த வாசம்தான்.

நாச்சியார் எழுந்து மாசானத்தின் பக்கம் போனாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. பின்னால ஒரு வேப்பங்கட்டை கெடக்கு. எனக்குப் பொளக்க முடியல. பொளந்து குடுத்துட்டுப் போங்க."

"இப்பவாம்மா?"

"இப்பதான்."

"பிள்ளை இப்படிக் கெடந்து கத்துது, நீங்க விறகுக்கு நிக்கிறீங்களே!" என்றாள் அங்கயற்கண்ணி. நாச்சியார் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரத்தைக் கண்டால் மாசானத்தின் கை தானாக வேலை செய்யும். கோடாலியை எடுத்தான். கட்டை முறுக்கேறிய கட்டை. அரை மணி நேரம் ஆனது. சட்டை முதுகோடு ஒட்டியது. சிராய் பறந்து தலையிலும் கழுத்திலும் அப்பியது. கடைசித் துண்டு பிளந்ததும் கோடாலியைச் சாத்திவிட்டு ஓடையைப் பார்த்து நடந்தான்.

"எங்க போறீங்க?"

"குளிச்சிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கிடுதேன்."

"குளிக்க வேண்டாம். அப்படியே தூக்குங்க."

"நாறுதும்மா. மரத்தூளும் வேர்வையும்..."

"தூக்குங்க."

அவன் துண்டைத் தேடினான். துண்டு நாச்சியார் கையில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

அங்கயற்கண்ணி பிள்ளையை நீட்டினாள். அவன் வாங்கித் தோளில் போட்டான். இசக்கி கையைக் காலை உதைத்தாள். மூக்கு அவன் கழுத்து மடிப்பில் போய் இடித்தது. உதைப்பது நின்றது. முகர்ந்தாள். கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஊருக்குப் போய்த் திரும்பிய ஆளைப் பார்ப்பது போல அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா" என்றாள். திரும்பவும் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். ஒரு கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. விம்மல் விட்டு விட்டு வந்தது, பிறகு நின்றுபோனது.

மாசானம் அசையாமல் நின்றான். பிறகு மெதுவாகக் கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தான். "மில்லுல இருந்து வந்து வாசப்படி ஏறுததுக்குள்ள, செண்பகம் பிள்ளையை எங்கையில திணிச்சிருவா" என்றான், தனக்குத்தானே சொல்வது போல. "'உலை கொதிக்குது, பிடியும்'பா. குளிக்கக்கூட விட மாட்டா. இவ இப்படியேதான்..."

முடிக்கவில்லை. வாய் திறந்தபடி, தலை தூணில் சரிந்து, அவனும் தூங்கிவிட்டான்.

இரண்டு பேருடைய குறட்டையும் ஒன்றாய்க் கேட்டது. அங்கயற்கண்ணி சிராய் ஒட்டிய அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் எங்கம்மா தப்பு விட்டேன்?" என்று மெல்லக் கேட்டாள்.

"எங்கயும் இல்ல."

"முன்னால இதே சேலையில தூங்கின பிள்ளைதானே?"

"அப்ப இந்தச் சேலையில அவ அம்மா கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கிட்டு இருந்தா. நீங்க அவளையே கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டீங்க."

"தெரிஞ்சுதான் என்னைச் செய்ய விட்டீங்களா?"

"தெரியாது அக்கா. தூங்கிருவான்னுதான் நானும் நெனைச்சேன்." நாச்சியார் கதவுப் பக்கம் பார்த்தாள். "பிள்ளை கதவுக்குப் பின்னால போய்ப் பாத்தப்பதான் தெரிஞ்சது."

வெயில் சாய்ந்தபிறகு மாசானம் திடுக்கிட்டு விழித்தான். "மணி என்ன?" என்றான். பிள்ளை விழிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். பிறகு ஒற்றைக் கையால் போனை எடுத்தான்.

"அக்கா, செவ்வாக்கிழமை வா. கறி எடுத்துச் சமைப்போம். சாப்ட்டுட்டு நீ மட்டும் போ... ஆமா, நீ மட்டுந்தான்."

போனை வைத்துவிட்டு, பாயில் கிடந்த சேலையைப் பார்த்தான். தொடக் கை போகவில்லை.

"இத என்னம்மா செய்ய?"

"மடிச்சுப் பெட்டியில வைங்க" என்றாள் நாச்சியார். "எங்கம்மா எப்படி இருப்பான்னு ஒரு நாள் அவளே வந்து கேப்பா. அன்னைக்கு எடுத்துக் குடுங்க."

"அதுக்குப் பதினஞ்சு வருஷம் ஆகுமே. வாசம் எங்க இருக்கப் போவுது?"

"அக்கா நோட்டுல எழுதி வச்சிருக்காங்க."

அங்கயற்கண்ணி நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாய்ச் சரியாகத் தூங்காத கண், மிளகாய்ப் பழம் போல.

"நோட்டு இருந்து என்ன?" என்றாள். "கருக விடுற பக்குவம் எழுத்துல வருமா? அதுக்கு நான்ல இருக்கணும்!"

நாச்சியார் உள்ளே போய் ஒரு முடிச்சை எடுத்துவந்தாள். மாசானத்துக்கு என்று அன்று கட்டாமல் விட்ட இரண்டாவது முடிச்சு. இப்போது கட்டியிருந்தது. அதை அங்கயற்கண்ணியின் கையில் வைத்தாள்.

"அப்ப இன்னைக்காவது போய்த் தூங்குங்க அக்கா. பதினஞ்சு வருஷம் இருக்கணும்ல."

அங்கயற்கண்ணி நோட்டை மாடத்தில் வைத்துவிட்டு, முடிச்சை எடுத்துக்கொண்டு உள்ளே படுக்கப் போனாள்.